இரண்டு கோடா, மூன்று கோடா

ஜெய்னம்பு இறந்த செய்தி வந்தபோது நான் பொட்டிப்புரத்தில் ஒரு கொய்யாத் தோப்பில் நின்றிருந்தேன். கம்பத்திலிருந்து அவருடைய தம்பி பேசினார். "அக்கா மவுத்தாயிட்டாக சார். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பெறகு அடக்கம்." எதிர்பார்த்திருந்த செய்திதான். உடனே கம்பத்துக்குக் கிளம்பினேன்.

நான் அதிகாரியாகவும் அவர் உதவியாளராகவும் இருந்த பூச்சி ஆய்வகத்துக்குப் புழுத்த காயோடு வந்த விவசாயிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். நுண்ணோக்கியில் குனிந்தவர் லேசில் நிமிர மாட்டார். நாம் அவசரப்பட்டால், "இருங்க, இன்னும் இறகைப் பாக்கல" என்பார். முதுகுக் கோடு, இறகின் கறை, வயிற்றின் குறி எல்லாம் பார்த்த பிறகுதான் ஈயின் பெயரை எழுதுவார்.

சுருளிப்பட்டி முருகேசன் அழுகிய பாகற்காய்களோடு வந்த நாளை நான் மறக்க முடியாது. பழ ஈயைப் பிடிக்க நான் சொன்ன கவர்ச்சிப் பொறியைத்தான் பந்தலில் கட்டியிருந்தார். பொறியும் தினமும் நிறைந்தது. அதில் விழுந்து அவர் கொண்டுவந்த ஈக்களைப் பார்த்த ஜெய்னம்பு என்னைத் தனியே அழைத்தார்.

"இதுக்கு முதுகுல ரெண்டு மஞ்சக் கோடுதான் சார். இது பக்கத்துத் தோப்புக் கொய்யா ஈ. காயில இருக்கிறது வேறயோன்னு தோணுது. புழுவா இருக்கையில சொல்ல முடியாது."

"பொறிதான் நிறையுதே" என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன்.

அவர் அந்தக் காய்களை மணல் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். இரண்டு வாரம் கழித்து ஈக்கள் வெளிவந்தன. முதுகில் மூன்று மஞ்சள் கோடு, இறகு நுனியில் பழுப்புக் கறை. பாகலைக் கெடுக்கும் ஈ. நான் கட்டச் சொன்ன பொறியின் வாசனைக்கு அது வரவே வராது.

"இத நான் சொல்ல மாட்டேன் சார். நீங்கதான் சொல்லணும்" என்றார்.

போய்ச் சொன்னேன். முருகேசன் கோபப்படவில்லை. "பேரு தெரிஞ்சு இனி என்ன சார் செய்ய? காயெல்லாம் கீழ கெடக்கே" என்று கொடியை அறுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து அதைச் சொன்னபோது ஜெய்னம்பு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு பார்க்கப் போனேன். தலையணையில் முகம் சிறுத்துக் கிடந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், "முருகேசன் மறுபடி பந்தல் போட்டுட்டாரும்மா, நல்ல காய்ப்பு" என்றேன். பொய். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நல்லது சார்" என்றார்.

அன்று மாலை அடக்கம் நடந்த மையவாடி வாசலில் முருகேசன் நின்றிருந்தார். கேரளாவிலிருந்து ஜீப்பில் இறங்கி நேராக வந்திருந்தார்.

"போன மாசம் போன் போட்டாக சார். 'பந்தல் போட்டீகளாண்ணே'ன்னு கேட்டாக. நெலத்த விட்டுட்டு ஏலத்தோட்டத்துக் கூலிக்குப் போயிட்டேன்னு சொன்னேன். அழுதுட்டாக."

அப்படியென்றால் நான் போனபோது அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு ஈயைக்கூடத் தவறான பெயரோடு வெளியே விடாதவர், என் பொய்யை மட்டும் திருத்தாமல் விட்டிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரக்கம்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இனி வழியில்லை.