பங்களாவுக்குப் பின்னால் அண்ணன்

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, பால்குடிக் குழந்தையாகவே இறந்துவிட்டான். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அப்போது அத்தா சின்னமனூருக்கு மேலே மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் லாரி டிரைவர். அடைமழையில் பாதை சரிந்து கிடந்ததால் ஊருக்குக் கொண்டுவர முடியாமல், துரை பங்களாவுக்குப் பின்னாலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். பிறகு எஸ்டேட் நொடித்துப் போனது. நாங்கள் உத்தமபாளையத்துக்கு இறங்கிவிட்டோம். தோட்டம் காடாகிவிட்டது.

அத்தா மவுத்தாகி அடக்கமான அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தாள். "பிள்ள கெடக்குற எடம் எப்புடி இருக்கோ" என்பதே அவள் பேச்சாக இருந்தது. அதைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடக்கம் நடந்தபோது அவள் சிறுமி. பங்களாவின் பின்வாசலில் நின்று பார்த்தவள்.

"எனக்கு எடம் தெரியும்டா. கெணத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவுல" என்றாள்.

வனத்துறையில் அனுமதி வாங்கி, ஒரு வாட்சரோடு ஏறினோம். செருப்புக்குள் அட்டை புகுந்துகொண்டே இருந்தது. அக்கா குனிந்துகூடப் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

பங்களாவுக்குக் கூரை இல்லை. ஹாலின் நடுவே சில்வர் ஓக் மரம் வளர்ந்து நின்றது. முன்படியில் யானை போட்டிருந்த லத்தியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யானை இங்கனதான் பக்கத்துல நிக்குது. வெரசாப் பாத்துட்டுக் கெளம்பணும்க்கா" என்றார் வாட்சர்.

அக்கா பின்பக்கம் ஓடினாள். அங்கே புகைபோக்கி ஒன்றல்ல, இரண்டு இருந்தன. கிணற்றைக் காணோம். ஆள் உயரத்துக்கு உண்ணிப்புதர். "இங்கனதான்" என்று நின்றாள். உடனே, "இல்ல, அங்கன" என்று நகர்ந்தாள். சுவர் இடிந்து விழுந்ததில் எங்கே பார்த்தாலும் கல். எல்லாக் கல்லும் அடக்கம் செய்த இடத்தில் நடுகிற மீசான் கல்லாகத் தெரிந்தது. எனக்கு வாட்சரின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"இதா இருக்கட்டும்க்கா. ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுப் போவோம்" என்று ஒரு கல்லைக் காட்டினேன்.

"தொர வீட்டுச் சுவத்துக் கல்லுக்கு என்னைய நின்னு ஓதச் சொல்றியா?" என்று சீறினாள்.

புதருக்குள் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. வாட்சர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

பஸ்ஸில் அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. காலியான சீட்டுகளில் மாறி மாறி உட்கார்ந்தாள். பார்த்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவள் எழுந்து அடுத்த சீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தலையைத் தூக்கினாள். "பாத்தீகளா?"

அக்கா கட்டில் பக்கத்தில் போய் நின்றாள். "இல்லம்மா. தேடுனோம், தெரியல."

அம்மா தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்தாள். பிறகு, "உங்க அத்தாவும் அதத்தான் சொன்னாக" என்றாள். "லாரி ஓட்டத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு எத்தனையோ தடவ அங்கன போயிருக்காக. வந்து, தெரியலன்னு சொல்லிட்டுச் சோறுகூடத் திங்காமப் படுத்துக்கிருவாக."

அத்தா எங்களிடம் அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம்.

அக்கா வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். வெளியே போகப் போர்த்திய துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை.

"பங்குனியில பொதரெல்லாம் காஞ்சிரும். அப்பப் போவோம்" என்றாள் என்னிடம்.

"போங்க" என்றாள் அம்மா.