ஆளுநரின் தலையசைப்பு

ஒஸ்லோவில் உள்ள யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் நாங்கள் தவக்காலத்தில் பாஸ்கு போடுவோம். இயேசுவின் பாடுகளை நாடகமாக ஆடுவது அது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களில், யூதேயாவை ஆண்ட ரோம ஆளுநரின் வேடம் என் கணவருக்கு விழுந்தது. ஆளுநரின் மனைவி நான். எனக்கு ஒரேயொரு வசனம்.

இவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். நூலகத்திலிருந்து தடித்த நோர்வேஜியப் புத்தகங்களைக் காவிக்கொண்டு வந்தார். பிறகென்ன, சாப்பாட்டு மேசையில் எந்நேரமும் ரோமாபுரிதான்.

"ஆளுநர் இருந்தது கடற்கரைப் பட்டினத்திலையப்பா. திருவிழா வந்தாத்தான் படையோடை எருசலேமுக்கு ஏறுவான். தலைமைக் குருவின்ரை திருவிழா உடுப்பைக்கூட ரோமன் ஆமி பூட்டி வைச்சிருந்ததாம்."

"எங்கடை கோயில் பெருநாளுக்கு ஆமியிட்டை அனுமதி எடுத்த மாதிரி," என்றேன்.

"ஓம். சனம் கூடினா, சாதாரண உடுப்போடை ஆமியை உள்ளுக்கை விடுவாங்களாம்."

அதற்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

சிக்கல் ஒத்திகையில் வந்தது. நாடகம் பழக்கிய அண்ணாவியார், பகலில் பஸ் ஓட்டுகிறவர், சொன்னார்: "கையைக் கழுவிப்போட்டு வாய் திறக்கப்படாது. தலையை ஒருக்கா ஆட்டும். சேவகர் இயேசுவை இழுத்துக்கொண்டு போவினம்."

"நான் வாயாலை சொல்லுறன்."

"ஆட்டினாத்தான் எடுபடும்."

"என்னாலை ஏலாது!"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஒரு தலையை ஆட்ட இவ்வளவு பிகுவா? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று எல்லோர் முன்னாலும் நக்கலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், இவரைத் தவிர. கடைசியில் அண்ணாவியாரே இறங்கி வந்து ஒரு வசனம் எழுதிக் கொடுத்தார்.

நாடகத்தன்று ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் வீட்டுச் சிவப்புத் திரைச்சீலைதான் ஆளுநரின் சால்வை. "கனவு கண்டேன், அந்த மனிதரை விட்டுவிடுங்கள்" என்று என் வசனத்தைச் சொன்னேன். இவர் கை கழுவினார். மேடையில் நின்ற கூட்டம், எங்கள் மகளையும் சேர்த்து, கொல்லு கொல்லு என்று கத்தியது. இவருக்கு வசனம் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது. பிறகு தலையை ஆட்டினார்.

சேவகர்கள் இயேசுவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவர் தலை நிற்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தது. "என்ன நடிப்பு!" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"காணுமப்பா," என்று கையைப் பிடித்தேன். ஐயோ கடவுளே, ஐஸ் மாதிரிக் கிடந்தது.

ரயில் ஏறி மோர்டென்ஸ்ருட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தோம். இவர் சால்வையும் கழற்றாமல் கதிரையில் இருந்து சொன்னார்: "எனக்குச் சாக்குப் போட்டவங்கள்."

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் ஆமி ஒரு கிராமத்தைச் சுற்றி வளைத்து ஆண்களை வரிசையில் நடத்தும். பிடித்து அடித்து வைத்திருந்த ஒருவனைச் சாக்கால் மூடி முன்னால் இருத்தும். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடும். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். என் தம்பி போனது அப்படித்தான். திரும்பி வரவேயில்லை. ஒவ்வொரு நினைவுப் பூசைக்கும், "அந்தத் தலையாட்டி நாசமாப் போவான்" என்று நான் மண் அள்ளித் திட்டாத குறை. இவர் பக்கத்தில் நின்று மெழுகுதிரி கொளுத்துவார்.

"எந்த ஊரிலை?" என்றேன்.

"தெரியாதப்பா. வாகனத்திலை ஏத்திக்கொண்டு போவாங்கள். சாக்கிலை ரெண்டு ஓட்டை. பின்னாலை நிண்டவன் பிடரியிலை கையை வைச்சிருப்பான். ஆட்டாட்டி அடி. ஆரெண்டு பாக்காமல் ஆட்டினனான்."

சுவரிலிருந்த தம்பியின் படத்தைச் சட்டத்தோடு கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இவனோ? வடிவாப் பாருங்கோ!"

பார்த்தார். தலை எந்தப் பக்கமும் அசையவில்லை.

"இல்லையெண்டு ஆட்டுங்கோ! இல்லையெண்டு ஆட்டுங்கோவன்!" என்று கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் மெல்ல ஆட்டத் தொடங்கினார். அப்போதுதான் கண்டேன், என் மற்றக் கை அவருடைய பிடரியில் இருந்தது.