தண்ணீர் வடிந்த பிறகு கிளம்பிய மாணவன்

எழுபதுகளில் ஊர் ஊராகத் திரிந்த நான், கடலோடு சேர்ந்த உப்பு ஏரியில் தீவாக இருக்கும் பசியாவரத்தில் ஒருவர் படகில் கழி ஊன்றும் வேலை செய்தேன். அவர் மகன் செல்வம் மெட்ராஸில் காலேஜ் படித்தான். பரீட்சைக்குப் படிக்க விடுமுறையில் வந்தவன், சீட்டாடியே அதைத் தீர்த்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் எங்கள் பாடு. ஏரியில் வலை போடும் இடம் குடும்பத்துக்குக் குடும்பம் முறை மாறி வரும். அதைத்தான் பாடு என்பார்கள். காலையில் படகை எடுக்கும்போது செல்வத்தின் அப்பா அவனைக் கூப்பிட்டார்.

“தண்ணி இருக்கசொல்ல வாடா, அக்கரைல வுட்டுட்டுப் போறேன்.”

“சாயங்காலம் போய்க்கறேன் நைனா. இப்பதான் புக்கத் தொறந்துகீறேன்.”

சாயங்காலம் வலை எடுத்துத் திரும்பியதும், அதே படகில் நானும் அவனும் கிளம்பினோம். பாதி ஏரியில் நீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்தது. இறங்கித் தள்ளிய செல்வத்தின் காலைச் சிப்பி கிழித்தது. தூரத்தில் கடைசி பஸ் போனது. விடிந்து நீர் ஏறிய பிறகுதான் படகு மிதந்தது. இனி பரீட்சைக்குப் போய்ச் சேர முடியாது, வீட்டுக்குத் திரும்பினோம்.

“அடுத்த வாட்டி எழுதிடறேன் நைனா.”

“பாட்டைத் தவறவுட்டவனுக்கு அடுத்த பாடு வரைக்கும் எவன்டா சோறு போடுவான்? இன்னிலேர்ந்து வலையப் புடி.”

ரத்தம் காயாத காலோடு அன்றே அவனை உப்புத் தண்ணீரில் இறக்கினார். அவன் காலேஜுக்குத் திரும்பவேயில்லை.

இப்போது நான் எங்கே போவதானாலும், நடுவில் தண்ணீர் இருந்தால் முதலில் அதைக் கடந்துவிடுகிறேன். படிக்கிற பிள்ளைகளே, புத்தகத்தை அக்கரையிலும் திறக்கலாம்.