பாப்பாத்தியின் பல்

பாப்பாத்திக்கு நான் ஒரு சமயம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். கடன் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. புதன்கிழமை தவறாமல் கல்வராயன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி, அடிவாரச் சந்தையில் என் ஆட்டுக் கொட்டகைக்கு எதிரே குந்திக்கொள்வாள். மடியிலிருந்து வறுத்த புளியங்கொட்டையை எடுத்துப் படக் படக்கென்று கடிப்பாள். தோலை என் பக்கம்தான் துப்புவாள். டீ சொன்னால் தொடமாட்டாள். "காசு வரட்டும், குடிக்கிறேன்."

விவகாரம் இதுதான். தை மாதம் ஒரு பெட்டையாட்டை ஓட்டிவந்தாள். மழைக்கு முன்னால் வீட்டுக்குத் தகரம் போட வேண்டுமாம். நான் ஆட்டின் வாயைத் திறந்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு குட்டியில் தொடங்கி இன்று நாலு லாரி ஓட்டுகிறேன் என்றால், ஆட்டின் பல்லைப் படித்த படிப்புதான். எட்டுப் பல்லும் ஈறுவரை தேய்ந்திருந்தது. கிழம் என்று, இளம் ஆட்டு விலையில் இரண்டாயிரத்து ஐந்நூறைக் குறைத்துக் கசாப்பு விலை போட்டேன்.

"நாலு வயசு ஆடு மொதலாளி! பாறையில மண்ணும் முள்ளுமா மேயுது, பல்லு தேயாம இன்னா பண்ணும்?"

"பல்லு பொய் சொல்லாது, போ புள்ள."

முறைத்துக்கொண்டே காசை வாங்கிப் போனாள்.

ஆடியில் மழை பிடித்தது. அந்தப் புதன் நனைந்தபடி நேரே என் முன்னால் வந்து நின்றாள். "வூடு ஒழுவுது. மீதிக் காச எடு."

எனக்கும் ரத்தம் தலைக்கேறியது. "நாப்பது வருசமா வாயப் பாத்து வயசு சொல்றவன் நானு! எனுக்கே கத்துக் குடுக்கிறியா?"

கொட்டையைத் துப்பினாள். கட்டைவிரலால் கீழுதட்டைக் கீழே இழுத்தாள். "இதப் பாத்து சொல்லு. எனுக்கு இன்னா வயசு?"

முன்பல் எல்லாம் அரம் போட்டு ராவியதுபோல் பாதிதான் இருந்தது. "அறுவதுக்குக் கம்மி இல்ல" என்றேன்.

தரகன் பிச்சைமுத்து குபீரென்று சிரித்துவிட்டான். "மாமா, அதுக்கு முப்பத்தஞ்சுதான். எங்க வூட்டுக்காரிகூட ஒண்ணாப் படிச்சது!"

"பொடுசுல இருந்து கொட்டைய நொறுக்கினு இருக்கேன்" என்று கத்தினாள் பாப்பாத்தி. "என்னையும் கசாப்புக்குப் போடுவியா?"

சந்தையே சிரித்தது. என் காது கொதித்தது. அவள் சிரிக்கவில்லை. மறுபடி ஒரு கையால் உதட்டை இழுத்துப் பிடித்து, மறு கையை என் முன்னால் விரித்தாள். ஐந்நூறு ஐந்நூறாக எண்ணி வைத்தேன். ஐந்தாவது நோட்டு உள்ளங்கையில் விழும்வரை அவள் உதட்டை விடவே இல்லை.