பாரம் ஏற்றினால் இடப்பக்கம்

கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் நான்காய் மடித்துப் போட்ட சாக்கின்மேல் உட்கார்ந்தால் என்ஜின் மூடியின் சூடு மெல்லத் தொடைக்கு ஏறும். லொறி வயற்பாதையில் குலுங்கும்போது அந்தச் சூட்டோடு டீசல் மணமும் புது நெல்லின் தூசும் சேர்ந்து மூக்கை அடைக்கும். சிறுபோக அறுவடை நடந்த ஓர் ஆகஸ்ட் லீவில், எனக்கு ஒன்பதோ பத்தோ வயதிருக்கும்போது, தினமும் அந்தச் சாக்கின்மேல்தான் என் சவாரி. கல்முனைக்குடியிலிருந்த எங்கள் வீட்டில் உம்மா பகல் சோற்றைக் கட்டித் தருவார். வெறும் லொறியில் அதை மடியில் வைத்துக்கொண்டு சம்மாந்துறைக்கு மேற்கேயிருந்த எங்கள் வயலுக்குப் போவேன்; களத்தில் நிற்கும் வாப்பாவுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு, நெல் மூட்டைகள் ஏற்றிய அதே லொறியில் ஊர் ஆலைக்குத் திரும்பி வருவேன். பொம்பிளைப் பிள்ளைக்கு லொறியில் என்ன வேலை என்று பெரியம்மா கேட்டபோது, அப்படியென்றால் நீ சோறு கொண்டுபோ என்று உம்மா சொன்னார். அதற்குப் பிறகு பெரியம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

லொறி வாப்பாவுடையது. எங்களிடம் வரும்போதே மூன்று கை மாறியிருந்த பழைய ஜப்பான் லொறி. அதை ஓட்டியவர் நேசன் அண்ணன். திருக்கோவிலுக்குத் தெற்கே வினாயகபுரத்து ஆள். வாரம் முழுக்க ஆலையில் தங்கி, எங்களுக்கு வேலை நிற்கும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் போய்வருவார். அதிகம் பேசமாட்டார். நான் கேட்கும் நூறு கேள்விகளில் நாலுக்கு "ஓம்" என்பார், மிச்சத்துக்குச் சிரிப்பார்.

அந்த அறுவடையின் முதல் வாரத்திலேயே லொறிக்கு ஒரு "இழுவை" வந்துவிட்டது. போகும்போது ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். பாரத்தோடு திரும்பும்போது, பிரேக்கில் கால் வைத்த கணத்தில் லொறி முகத்தை இடப்பக்கம் திருப்பும். நேசன் அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வளைத்துப் பிடிப்பார், முழங்கையில் நரம்பு புடைத்து நிற்கும். இரண்டு தடவையும் அதே லொறியில் இருந்தவள் என்பதால் அந்த வித்தியாசம் எனக்கு அவரளவுக்கே தெரியும். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் சொல்வதுபோல் அவரும் வாப்பாவைக் காக்கா என்றே கூப்பிடுவார், அவரிடம் தெளிவாகத்தான் சொன்னார். "காக்கா, வெறும் வண்டியில ஒண்டும் தெரியா. லோட்டோட பிரேக் பிடிச்சாத்தான் இழுக்குது."

வாப்பா அன்றைக்கே லொறியைக் கராஜுக்கு அனுப்பினார். ஆனால் மூட்டைகளை ஆலையில் இறக்கிவிட்டுத்தான் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். நெல் "பரக்கத்தான சாமான்", இறைவனின் அருள் உள்ள பொருள், அதை ஒயில் சேற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்பது வாப்பா அடிக்கடி சொல்லும் பேச்சு. கராஜின் தலைமை மெக்கானிக் ஜவ்பர் பாஸ் கெட்டிக்காரர். ஜாக்கி போட்டுத் தூக்கி முன் சில்லுகளைப் பிடித்து ஆட்டினார். ஒருவரை ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே படுத்துக் கிடந்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு மூட்டில் கொஞ்சம் "ஆட்டம்" இருந்தது, மாற்றினார். பிறகு கடற்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள். நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. மறுநாள் பாரத்தோடு பழையபடி இழுத்தது. இரண்டாம் முறை டயர்களை இடம் மாற்றினார்கள், மூன்றாம் முறை பிரேக்கைக் கழற்றிப் பூட்டினார்கள், ஒவ்வொரு முறையும் வெறும் லொறி நல்ல பிள்ளையாக ஓடிக் காட்டியது. எங்கள் லொறிக்கு ஒருபக்க வாதம் என்று ஆலையில் கேலி செய்தார்கள். உம்மா தன் பங்குக்குப் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கி, கண்ணூறு கழிய நாலு சில்லுக்கும் தெளித்தார்.

வாப்பாவின் சந்தேகம் மெல்ல லொறியிலிருந்து ஆளுக்கு மாறியதை நான் கவனித்தேன். லொறியில் ஒன்றும் இல்லை, ஓட்டுகிறவன் கவனமாக ஓட்டினால் போதும் என்று உம்மாவிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

மூன்றாம் வாரம் அது நடந்தது. பாரத்தோடு சம்மாந்துறைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு பசுமாடு குறுக்கே வர, நேசன் அண்ணன் பிரேக்கை மிதித்தார்; லொறி ஒரே இழுப்பில் இடப்பக்கம் பாய்ந்து ஒரு வீட்டு மதிலை இடித்துக்கொண்டு நின்றது. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம். மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வந்த மீராசாக் காக்கா, எங்கள் மூட்டை தூக்குகிறவர், கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டார். கூட்டம் கூடியது. யாரோ ஒருவர் நேசன் அண்ணனின் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு, ஆள் குடித்திருக்கிறார் என்றார். அதைச் சொன்னவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வாப்பா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் வீதி முழுக்கப் போய்விட்டது.

இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் சாராயத்தின் வாடை எப்படியிருக்கும் என்று தெரியாது. அதன் பக்கமே போகாத குடும்பம். அந்தப் பெயரைச் சொன்னாலே உம்மா "அஸ்தஃபிருல்லாஹ்" என்பார். நேசன் அண்ணனுக்கோ இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல்லில் குத்து. சின்னப் போத்தலில் கராம்பு எண்ணெய் வைத்திருந்து, பஞ்சில் தொட்டுப் பல்லுக்குள் அடக்கிக்கொள்வார். பஞ்சைக் கிள்ளிக் கொடுத்ததே நான்தான். லொறிக்குள் அந்தக் காட்டமான வாடை நிறைந்திருக்கும்.

அன்று பின்னேரம் வாப்பா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

"உண்மையச் சொல்லு மகள். அவன்ட வாயில வாடை வந்திச்சா?"

"ஓம் வாப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். அது பல்லுக்கு வைத்த மருந்து என்ற அடுத்த வசனம் வாய்வரை வந்தது. நான் "ஓம்" என்றதும் வாப்பாவின் முகம் இளகியதையும், என் பிள்ளை பொய் சொல்லாது என்று உம்மாவைப் பார்த்து அவர் சொன்னதையும் கண்டு, அந்த வசனத்தை விழுங்கிவிட்டேன். நெற்றி வீக்கத்துக்கு எல்லாரும் என்னைத் தடவிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது பிடித்தும் இருந்தது. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று இப்போது பிறர் சொல்லலாம். எனக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நேசன் அண்ணன் தன் பையோடு எங்கள் வாசலில் நின்றார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. குடிக்கவில்லை என்று அவர் சத்தியம்கூடச் செய்யவில்லை. "காக்கா, லோட்டோட ஒருக்கா நீங்களே ஓட்டிப் பாருங்க. மறுகா என்னப் போகச் சொல்லுங்க" என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். வாப்பா அவர் முகத்தைப் பார்க்காமலே போகச் சொல்லிவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற என்னை நேசன் அண்ணன் ஒரு தடவை பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

அறுவடை நடுவில் வேறு டிரைவர் கிடைக்கவில்லை, வாப்பாவே ஓட்டினார். மதிலில் நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி லொறியைத் தெருவில் இறக்க மூன்று நாள் சென்றது. நான்காம் நாள் நான் பழைய சாக்கின்மேல் இருந்தேன். வாய்க்கால் ஓரப் பாதையில், மதகுக்கு முன்னால், வாப்பா பிரேக்கைத் தொட்டார். லொறி இடப்பக்கம் திரும்பியது. வாப்பா ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியபடி எழுந்தே நின்றுவிட்டார். லொறி நின்றபோது இடச்சில்லு கரை மண்ணில் பாதி புதைந்திருந்தது, கீழே வாய்க்கால் நிறையத் தண்ணீர். என்ஜினை நிறுத்திவிட்டு அவர் இறங்கிப்போய்ப் புதைந்த சில்லைப் பார்த்தார்.

உழவு மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இழுத்து லொறியைப் பாதையில் ஏற்றியதும், வாப்பா ஆலைக்குப் போகாமல் நெல்லோடு நேராகக் கராஜுக்குப் போனார். ஜவ்பர் பாஸ் மூட்டைகளைக் கண்டு திகைத்தார். வாப்பா லொறியை மெதுவாக உருட்டிப் பிரேக் பிடிக்க, பாஸ் பக்கவாட்டில் குந்தியிருந்து சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையில் கண்டுபிடித்துவிட்டார். முன் இடப்பக்க ஸ்பிரிங் தகடுகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட், சேற்றுக்கும் தகடுகளுக்கும் உள்ளே, இரண்டாக உடைந்து கிடந்தது. வெறும் லொறியில் எல்லாம் தன்தன் இடத்தில் இருக்கும். பாரமும் பிரேக்கும் சேர்ந்தால் அந்தப் பக்கத்து அச்சு ஒரு விரற்கடை பின்னுக்கு நகரும், லொறி முகத்தைத் திருப்பும். கழற்றி எடுத்த துண்டை பாஸ் வாப்பாவின் கையில் வைத்தார். உடைந்த முகமெல்லாம் பழைய துரு. "இது இண்டைக்கு நேத்து உடைஞ்சதில்ல காக்கா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கராம்பு எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாப்பா நடையை நிறுத்திவிட்டு, "என்ன வாடையெண்டு கேக்கத் தெரியாமப் போச்சே எனக்கு" என்று தனக்குத்தானே சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு வினாயகபுரம் போனார். நேசன் அண்ணனின் வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இரைந்தது. அவர் மனைவி கடைக்கு ஆள் அனுப்பி இரண்டு சோடா எடுப்பித்து, எங்கள் முன்னாலேயே மூடியைத் திறந்து தந்தார். தங்கள் வீட்டுப் பாத்திரத்தில் குடிப்பது முஸ்லிம்களான எங்களுக்குச் சங்கடமாயிருக்குமோ என்று அந்தப் பக்கத்தவர்கள் பார்த்துச் செய்யும் மரியாதை அது. வாப்பா உடைந்த போல்ட்டை எடுத்துக் காட்டி, தான் செய்தது பிழை என்று சொல்லி, திரும்பி வரச் சொல்லிக் கேட்டார். வாப்பா ஒருவரிடம் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

நேசன் அண்ணன் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருக்கோவிலில் இரண்டு இடத்தில் லொறி கேட்டுப் போனாராம். குடிக்கிற ஆளுக்கு வண்டி இல்லை என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்களாம்.

"வேலயத் தாறீங்க காக்கா, சந்தோசம். இந்தப் பேர ஆரு திருப்பி எடுக்கிற?"

பொய் சொன்னது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நேசன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "நீ குடி பிள்ள, காஸ் போயிடும்" என்றார். நான் குடித்தேன். அவருக்கு என் கள்ளம் தெரியுமோ தெரியாதோ, அதை நான் கேட்கவே இல்லை. அவர் வரவும் இல்லை. கொஞ்ச காலம் மீன்பிடிக்குப் போனார் என்றும், பிறகு வெளிநாடு போனார் என்றும் கேள்விப்பட்டோம்.

வாப்பா சும்மா இருக்கவில்லை. ஆலையிலும், பள்ளிவாசல் முன்றலிலும், சம்மாந்துறைச் சந்தியிலும் கண்ட ஆளிடமெல்லாம் நேசன் குடிக்கவில்லை, பிழை லொறியில் என்று சொன்னார். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும், குடிகாரனையும் விட்டுக்கொடுக்காத நல்ல மனிதர் என்று அவரைப் புகழ்ந்தார்கள். எத்தனை தடவை சொன்னாரோ அத்தனை தடவையும் வாப்பாவின் பெயர்தான் உயர்ந்தது. அது அவரை வாட்டியது. கடைசிக் காலம்வரை வாட்டியது.

இப்போது வாப்பா இல்லை, மவுத்தாகிவிட்டார். லொறியை இரும்புக்குப் போட்டுப் பல வருடமாகிவிட்டது. ஆலை நின்ற இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது, வாய்க்கால் பாதைக்குக் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். போன மாதம் அந்த மண்டபத்தில் ஒரு சொந்தக்காரப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மீராசாக் காக்காவைக் கண்டேன். எண்பதைத் தாண்டிவிட்டார், சுகம் விசாரித்ததும், கோணலாய்ப் பொருந்திய அந்தக் கையை என் மகளிடம் நீட்டிக் கதை சொல்லத் தொடங்கினார், அந்தக் காலத்தில் உன் மூத்தவாப்பாவின் லொறியை ஒரு குடிகாரன் ஓட்டினான் என்று.

நான் இடைமறித்தேன். அவர் குடிக்கவில்லை, லொறியில்தான் பிழை, வாடை என்று சொல்லிக் கெடுத்தது நான் என்று, மகளும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

மீராசாக் காக்கா என் தலையில் கைவைத்துச் சிரித்தார். "வாப்பாட பிள்ளதான்" என்றார். "அவரும் மவுத்தாகும்வரைக்கும் அவனுக்காக இப்பிடித்தான் பொய் சொன்ன."