ஈரலக்காவின் சாவிக்கொத்து

வேகவைத்த ஆட்டீரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டுக்கொண்டே ஈரலக்கா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஏழரைக்குள் சட்டையின் இடது பை நிரம்பிவிட வேண்டும். வலது பை சாவிக்கொத்துக்கு. அதில் பதினொரு சாவிகள். மூன்றுக்குத்தான் பூட்டு இருக்கிறது. மற்றதெல்லாம் சத்தத்துக்கு.

பிள்ளைகள் பார்க்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நாய்களைப் பழக்குவது அவர் வேலை. கதையில் ஒரு குடும்பம் கைவிடப்பட்ட நாயைச் சில வாரம் வைத்துப் பராமரித்து, நிரந்தரமாக வளர்க்கப்போகிறவர்களிடம் ஒப்படைக்கும். நாய்களும் நிஜம், கடைசியில் கூட்டிப்போகிறவர்களும் நிஜம். நடுவில் இருக்கும் குடும்பம்தான் பொய். காமிரா அணைந்ததும் அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். நாய் ஈரலக்கா வீட்டுக் கட்டிலடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். அவர் சாவியைக் குலுக்கினால் வீட்டுக்குப் போகிறோம் என்று அர்த்தம். எந்த நாயும் மூன்றே நாளில் இதைப் பிடித்துக்கொள்ளும்.

தொடரில் வரும் பாசமெல்லாம் அவர் கைவேலை. அம்மாவாக நடிப்பவருக்கு நாய் என்றாலே உதறல். நாய் ஆசையாக நக்குவதுபோல் தெரிய, அந்த அம்மாவின் காதுக்குப் பின்னால் ஈரலைத் தேய்த்துவிடுவார்.

"அய்யோ அக்கா, தலைக்குக் குளிச்சாலும் நாத்தம் போகமாட்டேங்குது."

"பாசம்னா சும்மா வருமாம்மா? கொஞ்சம் நாறத்தான் செய்யும்."

கதையில் என்ன பெயர் வைத்தாலும், ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லா நாயும் மாப்பிள்ளைதான். "வந்தா நல்லா கவனிக்கணும், அனுப்பிடணும். கொஞ்சம் ஏமாந்தா வீட்டோட மாப்பிள்ளையாயிடும்." பன்னிரண்டு வருடத்தில் ஒன்றைக்கூடத் தங்க வைத்ததில்லை. அதைச் சொல்லும்போது குரலில் பெருமை ஏறும்.

இந்த முறை வந்தது ஒரு காது மடங்கிய பழுப்பு நாய். ஏற்கெனவே இரண்டு வீட்டார் எடுத்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கேட்டைத் தாண்டிப் பழைய இடத்துக்கே ஓடிவிடுமாம். மூன்றாவது வீட்டிலும் நிற்காவிட்டால் இனி யார் தலையிலும் கட்ட முடியாது என்று நாய்க் காப்பகத்தில் கையை விரித்துவிட்டார்கள். முதல் வாரம் அது கட்டிலடியை விட்டு வரவே இல்லை. ஈரலக்கா தரையில் படுத்துக் கையால் ஊட்டினார். பிறகு அவர் செருப்பின்மேல் தலை வைத்தால்தான் அதற்குத் தூக்கம். அவருக்கும் அதன்மேல் உயிர். தட்டு கழுவும்போது வீட்டுக்காரரிடம் மட்டும், "இது கொஞ்சம் வேற மாதிரிங்க" என்றார்.

"அப்ப வச்சுக்கோயேன்."

"கட்டிலடியில இருக்கறது ஒரே எடம். இத வச்சுக்கிட்டா அடுத்தது எங்க படுக்கும்?"

வழியனுப்பும் காட்சி ஒரு மாலையில் எடுக்கப்பட்டது. நாயை வளர்க்கப்போகிறவர் பள்ளி வேன் ஓட்டுநர். அவர் மகள் காரின் பின்சீட்டில் நாயை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "வண்டி நகரும்போது ஒரே ஒரு தடவ திரும்பிப் பாக்கணும்க்கா. சாவிய லேசா ஆட்டுங்க, போதும்" என்றார் இயக்குநர். ஈரலக்காவும் வழக்கம்போல ஆட்டிவிட்டார். நாய் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்து, ஒரே ஓட்டத்தில் வந்து அவர் மார்பில் காலை வைத்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். ஓட்டுநர் மகளின் முகம் மட்டும் செத்துப்போயிற்று. ஈரலக்காவுக்குச் சுருக்கென்றது. பழைய இடத்துக்கே ஓடிவிடும் நாயிடம் போய் வீட்டுக்குக் கூப்பிடும் சத்தத்தை எழுப்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"பிரமாதம்க்கா! இன்னொரு டேக். கண்ணாடிய மட்டும் ஏத்திடலாம்."

"ஆட்ட மாட்டேன் சார். இன்னொரு தடவ ஆட்டினா அந்த வீட்ல இது நிக்காது."

"ஒரு ஷாட்டுதானே?"

"உங்களுக்கு ஷாட்டு. அதுக்கு அட்ரஸ்."

நாயைத் தூக்கிப் பின்சீட்டில் விட்டார். இடது பையிலிருந்த ஈரல் முழுவதையும் அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் கொட்டினார். "ஒண்ணொண்ணா குடும்மா. பேசிக்கிட்டே குடு." பிறகு சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டு, கைக்குள் பொத்திக்கொண்டார். வண்டி கிளம்பியது. நாயின் மூக்கு அந்தச் சின்னக் கைக்குள் இருந்தது. தெரு திரும்பும் வரை அது தலையைத் தூக்கவில்லை.

ஈரலக்கா தனியாக வீடு வந்து சேர்ந்தார். கைக்குட்டை முடிச்சு அப்படியே கையில் இருக்க, தன் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு, வீட்டுக்காரர் வந்து கதவைத் திறக்கும்வரை வாசலில் நின்றார்.