செல்வக்குமாருக்கு வைத்த பேனர்

செல்வக்குமார் எங்கள் அவனியாபுரத்துப் பையன். சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் வாளி, குடம், நாற்காலி எல்லாம் மொத்தமாக விற்கும் ஒரு கடையில், சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்கு உதவியாளராக இருக்கிறான். அந்த வேலை அவனுக்குக் கிடைத்த விதத்தைத் தெருவில் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். ஜல்லிக்கட்டுக் காளையைக் கொண்டுபோய்க் கடை வாசலில் கட்டினான் என்றுகூட ஒருவர் சொன்னார். அது தவறு. காளை படத்தில்தான் இருந்தது. சம்பந்தப்பட்ட எல்லோரையும் விசாரித்து, அவர்கள் சொன்னதில் ஒத்துப்போனதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பி.காம். முடித்தபின் அவன் போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். அவனுடைய அனுபவம், ஒரு தீபாவளி சமயத்தில் பதினைந்து நாள், துணிக்கடையில் கலைந்து கிடந்த சட்டைகளை மடித்து வைத்தது. அவனுடைய அப்பா மொக்கையன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சனிக்கிழமை சிம்மக்கல்ல கூப்பிட்டிருக்காங்கள்ல, போய்ப் பாரு. கிடைக்கலைன்னா திங்கக்கிழமை திருப்பூர் பஸ்ல ஏத்தி விட்டுருவேன். பனியன் கம்பெனியில உங்க சித்தப்பன் சொல்லி வச்சிட்டான்" என்றார்.

செல்வக்குமாருக்கு மதுரையை விட்டுப் போக மனமில்லை. இந்த விஷயத்தை அவன் சொன்னது ஜெயபாண்டி என்ற ஒரே நண்பனிடம். ஜெயபாண்டி வேலை பார்ப்பது ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடையில். காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் பேனர் வைக்கிற ஊரில், நண்பனின் இன்டர்வியூவுக்கு வைக்காமல் இருப்பது அவனுக்கு முறையாகப் படவில்லை.

சனிக்கிழமை காலை செல்வக்குமார் போய் இறங்கியபோது, கடைக்கு எதிரே பத்துக்கு எட்டு அடியில் அவனே நின்றான். கூலிங் கிளாஸ், காதில் போன், பின்னால் பாயும் காளை. கீழே வட்டங்களுக்குள் நண்பர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேல் மூலையில் ஆசி வழங்குவதுபோலக் கடை முதலாளி உக்கிரபாண்டியின் முகம். நடுவில், 'சிம்மக்கல்லின் புதிய மேலாளரே, வருக!'

பக்கத்தில் பெருமையாக நின்ற ஜெயபாண்டியைச் சட்டையோடு பிடித்தான்.

"ஏன்டா மேலாளர்னு போட்ட? உதவியாளர் வேலைக்குத்தானடா வந்திருக்கேன்!"

"இம்புட்டுப் பெரிய பேனருக்கு அம்புட்டுச் சின்ன வேலையா மாப்ள? எடுப்பா இருக்காது."

"அதுவே இன்னும் கிடைக்கலடா!"

"கிடைச்ச பெறகு வைக்கிறதுக்கு நாங்க எதுக்கு?"

"கிழிச்சுப் போடு அதை."

"மொதலாளி மூஞ்சி இருக்கு. கிழிச்சிட்டு அவருகிட்டயே வேலை கேப்பியா?"

பேனர் நின்றது.

அதற்கு அரை மணி முன்பு அதை வேறொருவர் படித்திருந்தார். கடையின் உண்மையான மேலாளர் கல்யாணராமன், பத்தொன்பது வருடமாக அங்கே இருப்பவர். விளாங்குடியிலிருந்து வழக்கம்போல டவுன் பஸ்ஸில் வந்தார். புதிய மேலாளரைப் பார்த்தார். மூலையில் முதலாளியைப் பார்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பி, போனை அணைத்துவிட்டார். கிட்டங்கிச் சாவி அவர் பையில் இருந்தது.

ஆகவே இன்டர்வியூ, பூட்டிய கிட்டங்கியின் வாசலில், லோடு வண்டிக்குப் பக்கத்தில் நடந்தது.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் உக்கிரபாண்டி. "எம்புட்டு அனுபவம்?"

"பதினஞ்சு நாளு, மொதலாளி. சட்டை மடிச்சேன்."

"சட்டை மடிச்சவன் எனக்கு மேனேஜரா? உன்னால என் மேனேஜர் போனையே அணைச்சு வச்சிட்டாரு. லோடு வெயில்ல காயுது. போய் அவரைச் சாவியோட கூட்டிட்டு வா. வந்தா உன் வேலையைப் பத்திப் பேசுவோம். இல்லேன்னா அப்பிடியே போயிரு."

விளாங்குடியில் கதவைத் திறந்த கல்யாணராமனின் மனைவி ஸ்யாமளா, "ஏன்னா, புது மேனேஜர் வந்திருக்கார்" என்று உள்ளே குரல் கொடுத்தார். கல்யாணராமன் சட்டையின் கடைசிப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, சாவியை ஒரு தட்டில் வைத்து எடுத்து வந்தார்.

"வாளியெல்லாம் இடது பக்கம். குடம் வலது. எலி இருக்கு, பாத்துக்கோங்கோ."

"சார், நான் உதவியாளர் வேலைக்கு வந்தவன். அதுவும் இன்னும் கிடைக்கல."

"முதலாளி படமே போட்டிருக்கே?"

"அது உங்க கடை காலண்டர்ல இருந்து எடுத்தது சார்."

அந்தக் காலண்டரை அச்சுக்குக் கொடுத்தவரே கல்யாணராமன்தான். சற்று யோசித்தார். "ஆமாம், அதுலயும் தலை இப்படித்தான் சாஞ்சிருக்கும்" என்றார். ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை. "சிம்மக்கல்லே படிச்சாச்சு. டீக்கடைக்காரன் கேப்பான், லோடுமேன் கேப்பான். எந்த முகத்தோட உள்ள போறது?"

செல்வக்குமாருக்குத் திருப்பூர் கண்ணில் தெரிந்தது. "உங்களுக்கும் ஒரு பேனர் வச்சிரலாம் சார்."

"சேச்சே. அதெல்லாம் நமக்குச் சரிப்படாது."

ஸ்யாமளா உள்ளே போய், காபியோடு கணவரின் புகைப்படம் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். கல்யாணராமன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த மாடு..." என்றார் தாழ்ந்த குரலில். "அது எல்லாருக்கும் வருமா?"

"வரும் சார்."

மத்தியானம் முதல் பேனர் இருந்த இடத்தில் இரண்டாவது பேனர் ஏறியது. பொத்தான் போட்ட சட்டையில் கல்யாணராமன், பின்னால் அதே காளை. 'எங்கள் நிரந்தர மேலாளரே, வருக!' அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, இரண்டு முறை படித்து, பிழை இல்லை என்று உறுதி செய்துகொண்டு கிட்டங்கியைத் திறந்தார்.

உக்கிரபாண்டி வெளியே வந்து பேனரின் அடிவரை பார்த்தார். நண்பர்களின் வரிசையில் கடைசி வட்டத்தில், கூலிங் கிளாஸ் இல்லாமல், 'செல்வக்குமார், கிட்டங்கி உதவியாளர்' என்று இருந்தது. ஜெயபாண்டி இந்த முறையும் அவசரப்பட்டிருந்தான்.

"உன்னை வேணாம்னு சொல்ல இன்னொரு பேனர் வைக்கணும் போல" என்றார் முதலாளி. "திங்கக்கிழமையில இருந்து வா."

மொக்கையன் நம்பவில்லை. மேலாளர் என்று பேனர் வைத்த கூட்டம் சொல்வதை எவன் நம்புவான் என்று கேட்டார். திங்கட்கிழமை காலை மகனையும் அவன் துணிப்பையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குக் கிளம்பினார். வழியில் சிம்மக்கல்லில் மகன் கெஞ்சியதால் வண்டியை ஓரம் கட்டினார். பேனருக்குக் கிட்டே போய்க் குனிந்து, கடைசி வட்டத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சின்னதாத்தான் போட்டிருக்கான்" என்றார். "அப்ப நெசமாத்தான் இருக்கும்."

மகனை இறக்கிவிட்டு, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், ஆரப்பாளையம் போக நின்றிருந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு போனார்.